ஆள் குறைந்தால் மடை திறக்காது

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எழுத்து சரியாக இருந்தால் அது பிறகு படித்துப் பார்த்தவர் திருத்தியது. தப்பாக இருந்தால் என்னுடையது. நாலு பேர் முன்னால் நின்று பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கருப்பையா. இராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய்க்கு மடைக்காரன். நான்கு ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுவது என் வேலை. இந்த வேலைக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. மடையைத் திறக்கிறவனுக்கு அந்தத் தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு குழி நிலம்கூட இருக்கக்கூடாது. இரண்டாவது, நான்கு ஊரிலிருந்தும் ஊருக்கு ஓர் ஆள் வந்து கரையில் நிற்க வேண்டும். மூன்று ஊர் ஆள் நின்று ஓர் ஊர் ஆள் வரவில்லை என்றால், வெயில் உச்சிக்கு ஏறினாலும் மடை திறக்காது.

மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பரிமளா என்ற பெண் வந்து இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அதை யாரோ படித்துவிட்டு, கனடாவில் டொரன்டோ நகரத்தில் நடக்கும் ஒரு கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றின் தண்ணீரைப் பங்கு போடுவது பற்றிய கூட்டம். நான் மடை திறந்து காட்ட வேண்டும், பரிமளா இங்கிலீசில் விளக்க வேண்டும் என்று ஏற்பாடு. கடைசியில் எனக்கு விசா கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. பத்துப் பேர் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய பெண்ணை நிறுத்திவிட்டு, ஒருவர் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்னை அனுப்பினார்கள். எனக்கு முதல் கோபம் மதுரையிலேயே வந்துவிட்டது.

டொரன்டோ விமான நிலையத்தில் ஒருவர் அட்டையில் என் பெயரைத் தமிழில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். குகநாதன் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே போய் முப்பது வருஷமாகிறது. கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தமிழர்களுக்காக மொழிபெயர்ப்பது அவர் தொழில். பரிமளா வராததால் கூட்டத்துக்காரர்கள் அவரை எனக்காக அமர்த்தியிருந்தார்கள்.

"தம்பி, கருப்பையா நீங்கள்தானே?"

"ஆமாண்ணே."

"உந்தச் சட்டையோட வெளிக்கிட்டால் விறைச்சுப் போவீங்கள். இந்தாங்கோ, இதைப் போடுங்கோ" என்று ஒரு மெத்தை போன்ற கோட்டை என் மேல் மாட்டிவிட்டார். ஐப்பசி மாதம்தான். எங்கள் ஊரில் மழை எப்போது இறங்கும் என்று வானத்தைப் பார்க்கிற மாதம். அங்கே வானத்தைப் பார்க்கக் கழுத்தைத் தூக்கினால் காற்று உள்ளே புகுந்து எலும்பைத் தொடுகிறது.

ஓட்டலில் தனியாகப் படுக்க எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு மோர்னிங்சைட் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பதினாலாவது மாடி. கை கழுவக் குழாயைத் திறந்தேன். பதினாலாவது மாடியில் தண்ணீர் அடித்துக்கொண்டு விழுந்தது. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் தரை மட்டத்துக்கே ஏறுவதில்லை. குழி தோண்டி இறங்கிப் பிடிக்கிறோம்.

"இது யார் பங்குத் தண்ணிண்ணே?" என்று கேட்டேன்.

"ஏரித் தண்ணி தம்பி. நாளைக்குப் பாக்கப்போற ஆறு வந்து விழுகிற ஏரிதான். இஞ்ச ஆரும் உப்பிடிக் கேக்கிறேல்ல."

அவர் மனைவி ராணி அக்கா இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். சொதி என்றால் தேங்காய்ப் பாலில் செய்கிற மஞ்சள் குழம்பு. நான் அதை ரசம் மாதிரி ஊற்றிக் குடிக்கவே தொடங்கிவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் ஊற்றினார். ஊற்றும்போது கேட்டார்.

"தண்ணி பங்கு போடுற கூட்டத்துக்கோ வந்தனீங்கள்? நல்லது. என்ர அண்ணன்ர வலையை அறுத்துக்கொண்டு போனது ஆரெண்டும் அங்க கேளுங்கோ. உங்கட பக்கத்து ரோலர்தான்." ரோலர் என்றால் இழுவை மடி போடுகிற எங்கள் பக்கத்து விசைப்படகு.

"நான் கடல்காரன் இல்லக்கா."

"கடலெண்டால் என்ன, குளமெண்டால் என்ன. பெரிய வள்ளம் வச்சிருக்கிறவனுக்கு எல்லைக்கோடு தெரியிறேல்ல."

"சும்மா இரும், பெடியன் சாப்பிடட்டும்" என்றார் குகநாதன் அண்ணன். எனக்கு ஐம்பத்தொரு வயது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அந்த அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் அறுந்த அந்த வலையைப் பற்றி நான் ஒரு வரியும் படித்ததில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு வந்தவர்களை எல்லாம் ஒரு பெரிய பேருந்தில் ஏற்றி அந்த ஆற்றைக் காட்ட அழைத்துப் போனார்கள். நயாகரா. இந்தக் கரை கனடா, அந்தக் கரை அமெரிக்கா. வழியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். குளிர்ந்துபோன ரொட்டிக்கு நடுவே பச்சை இலை. ஆட்டுக்கு வைக்கிற மாதிரி. குகநாதன் அண்ணன், "இதுதான் இவையின்ர கட்டுச்சோறு, மென்று விழுங்குங்கோ" என்றார்.

தண்ணீர் விழுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்கு முதலில் வந்த யோசனை, இவ்வளவு தண்ணீரையும் யார் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்பதுதான். சாரல் முகத்தில் அடித்தது. எங்கள் கண்மாய் ஒரு வருஷத்துக்குக் காண்கிற தண்ணீர் அங்கே நான் மூக்கைத் துடைப்பதற்குள் விழுந்து போயிருக்கும்.

சுற்றிக் காட்ட வந்த பெண் விளக்கிச் சொன்னதைக் குகநாதன் அண்ணன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வேடிக்கை பார்க்க ஆட்கள் வரும் காலத்தில், பகல் நேரத்தில், இவ்வளவு தண்ணீர் விழுந்தே ஆக வேண்டும். ஆட்கள் போன பிறகும் பனிக்காலத்திலும் அதில் பாதி விழுந்தால் போதும். மீதித் தண்ணீரைச் சுரங்கம் வழியாக இரண்டு நாடும் சரிபாதி எடுத்து மின்சாரம் செய்துகொள்ளும்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. வேடிக்கை பாக்குறவங்களுக்குத் தண்ணியில பங்கா?"

"ஓம் தம்பி. பாக்கிற ஆக்கள் நிக்கிற நேரம் வடிவா விழவேணும். காயிதத்தில எழுதியிருக்கு."

எனக்கு உடம்பு கொதித்தது. அந்தக் குளிரில் அது ஒன்றுதான் சூடாக இருந்தது. கதிர் பொதி கட்டி நிற்கிற நெல்லுக்கு ஒரு நனைப்புத் தண்ணீர் வேண்டும் என்று எத்தனை பேர் எங்கள் தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் காகிதத்திலும் இத்தனை அளவு என்று எழுதித் தருவதில்லை. படம் எடுக்க வருகிறவனுக்கு எழுதித் தந்திருக்கிறார்கள்.

தண்ணீர் விழுகிற இடத்தை யாரும் பார்ப்பார்கள். மடைக்காரன் அது பிரிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். எனவே யாரிடமும் சொல்லாமல் கரையோரமாக மேற்பக்கம் நடந்தேன். சொல்லியிருக்க வேண்டும்; கூட்டத்தில் குரல் எழுப்ப எனக்குக் கூச்சம். ஒரு மைல் நடந்திருப்பேன். ஆற்றின் குறுக்கே பாதி தூரத்துக்கு வரிசையாகக் கதவுகள் நின்றன. ஷட்டர். எங்கள் கண்மாயில் இருப்பது பூனை என்றால் இது யானை, ஆனால் வேலை ஒன்றுதான். கதவு ஏறினால் இந்தப் பக்கம், இறங்கினால் அந்தப் பக்கம். உலகமே இயற்கை அதிசயம் என்று படம் பிடிக்கிற அருவிக்குத் தலைமாட்டில் மடை இருக்கிறது. கீழே கைகொட்டி நின்றவர்கள் யாரும் இங்கே வந்து பார்க்கவில்லை. தண்ணீர் எந்தக் கதவில் சுழிக்கிறது, எதில் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

குகநாதன் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "தம்பி, உமக்கு விசரே? பஸ் அரை மணித்தியாலம் பாத்துப்போட்டுப் போட்டுது. உம்மைத் தேடி இறங்கினதில நானும் இஞ்ச நிக்கிறன்."

அதுவரை 'நீங்கள்' என்றவர் 'உமக்கு' என்று இறங்கிவிட்டார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. நாங்கள் சாலையோரம் நிற்பதைப் பார்த்து ஒரு பழைய வண்டி ஓரம் கட்டியது. பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த வண்டி. ஓட்டியவர் அறுபதை நெருங்கிய ஓர் அம்மாள். நல்ல உயரம், நரைத்த முடியை ஒற்றைச் சடையாகப் பின்னியிருந்தார். அவரும் அதே கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்தான், தன் வண்டியில் வந்திருந்தார். மார்த்தா என்று பெயர். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் இருந்த மக்களைச் சேர்ந்தவர்.

டொரன்டோ போய்ச் சேர இரண்டு மணி நேரம். மூவரும் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். அந்த அம்மாள் ஓட்டிக்கொண்டே பேசினார், நடுவில் இருந்த அண்ணன் தமிழாக்கினார்.

"எங்கட ஆக்கள் ரெண்டு கரையிலும் இருக்கினம், எல்லைக்கோட்டை எங்கட முதுகுக்கு மேலால போட்டவை எண்டு சொல்லுறா. அக்கரையில அவேன்ர சனத்தின்ர நிலத்தில ஒரு பகுதியை எடுத்துக் குளம் வெட்டினவையாம், மின்சாரத்துக்கு. இவவின்ர பெரியம்மா வீடு இருந்த இடத்தில இப்ப தண்ணி நிக்குதாம்."

"குளம் வெட்டுனாங்க, சரி. அந்தத் தண்ணியில இவங்க பங்கு எவ்வளவாம்?"

அண்ணன் கேட்டுச் சொன்னார். "பங்கு எண்டு ஒண்டும் இல்லையாம். ஒப்பந்தத்தில ரெண்டு நாட்டின்ர பேர்தான். இவவின்ர வீட்டுக்குக் குடிக்கிற தண்ணி பவுசரில வருதாம்."

பவுசர் என்றால் என்ன என்று கேட்டேன். லாரித் தண்ணீர். அவ்வளவு தண்ணீர் இடித்து விழுகிற ஆற்றங்கரையில் லாரித் தண்ணீர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் நிற்கிற எங்கள் பெண்கள் நினைவு வந்தது. அந்த அம்மாளைப் பார்த்து நான் விரலால் குடம் மாதிரி காட்டினேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இரண்டு விரல் காட்டினார். வாரத்தில் இரண்டு தடவை.

"ஒப்பந்தம் போட்டப்ப இவங்களைக் கரைக்குக் கூப்பிட்டாங்களா?"

"அப்ப கூப்பிடேல்லையாம். இப்பதான் கூப்பிட்டிருக்கினம். நாளைக்குப் பிரார்த்தனை செய்யிறதுக்கு." அண்ணன் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பிறகு நிதானமாக ஏதோ சொன்னார். அண்ணனும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நாளைக்குப் பின்னேரம் ஒரு அறிக்கை எழுதுவினமாம். அதை ரெண்டு அரசாங்கத்துக்கும் அனுப்புவினம். இந்த ஆத்துக்குப் பங்காளியள் மூண்டு பேர் எண்டு அதில ஒரே ஒரு வரி வரவேணுமாம். வந்தால் அடுத்த பேச்சுவார்த்தைக்கு இவேக்கு ஒரு கதிரை போடவேண்டி வரும். ரெண்டு எண்டு எழுதினால் அவ்வளவுதான். இவவின்ர தாயும் இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுத்தான் செத்தவவாம்."

கதிரை என்றால் நாற்காலி. அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். மண்வெட்டி பிடித்த கை. தொட்டதும் தெரிந்தது.

மூன்றாம் நாள் கூட்டம். ஏரிப் பக்கம் உயரமான ஒரு கட்டடம். சுரங்க ரயிலில் போனோம். கதவு மூடும்போது கோட்டின் நுனி மாட்டிக்கொண்டு ஒரு நிறுத்தம் முழுக்கக் கதவோடு ஒட்டியே நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. எங்கள் டவுன் பஸ்ஸில் என்றால் பஸ் முழுக்கச் சிரித்திருக்கும், யாராவது இழுத்தும் விட்டிருப்பார்கள்.

வாசலிலேயே ஒரு பெண் வந்து கோட்டைக் கழற்றச் சொன்னாள். வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்ற வேண்டுமாம். படத்துக்கு நன்றாக இருக்குமாம். எங்கள் ஊர்க் கரையில் நான் தலையில் துண்டோடு நின்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதை இடுப்புக்கு இறக்க வைப்பதற்கென்றே பார்ப்பார்கள். இங்கே தலையில் கட்டாவிட்டால் முகம் சுளித்தார்கள். என் துண்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை எல்லா ஊரிலும் வேறு யாரோதான் சொல்கிறார்கள். கட்டிக்கொண்டேன். பல் கிட்டியது.

ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். பாதி பேர் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தார்கள். தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டம்!

முதலில் மார்த்தா அம்மாள் எழுந்து பிரார்த்தனை செய்தார். மண்ணுக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி, மீனுக்கு நன்றி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யாருடைய பெயரையும் விட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி இருந்தது. முன் வரிசையில் இருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். முடிந்ததும் கூட்டத்தை நடத்திய உயரமான மனிதர் நெஞ்சில் கை வைத்து வணங்கினார். அந்த அம்மாளுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. மேடையில் இரண்டு நாட்டு ஆட்கள், இரண்டு கொடி.

மேடைக்குக் கீழே ஒரு மேசை மேல் கட்டில் அகலத் தட்டில் மணல் பரப்பி, தலைப்பக்கம் நிஜத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். சின்னப் பலகை ஒன்று மடை. மடையிலிருந்து இரண்டு வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒவ்வொரு நாட்டுக் கொடி. நான்தான் அதைத் திறக்க வேண்டும்.

"மூணாவது வாய்க்கால் எங்கண்ணே?"

"உது சும்மா விளையாட்டுச் சாமான் தம்பி. ஐஞ்சு நிமிசம். தண்ணியைத் திறந்து விட்டிட்டு ஒரு கும்பிடு போட்டிட்டு இறங்குங்கோ."

அவருக்கு அது விளையாட்டுச் சாமான். எனக்கு மடை என்றால் மடைதான். தேநீர் இடைவேளையில் எல்லாரும் வெளியே போனபோது காப்பிக் கரண்டியால் மூன்றாவது வாய்க்கால் வெட்டினேன். சரிவு பார்த்து, கரை தட்டி, நன்றாகவே வந்தது. கொடி கிடையாது; பூந்தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கடைமடையில் வைத்தேன். நிமிர்ந்தால் மார்த்தா அம்மாள் எதிரே நிற்கிறார். குனிந்து பார்த்தார். வாய்க்கால் வளைவில் ஓரிடம் கரை மெலிந்திருந்தது. விரலால் மணலை அணைத்துச் சரிசெய்தார். வேலை தெரிந்தவர்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை வந்தது. மேசைக்குப் போனேன். வாய்க்கால் இல்லை. மணலை மட்டம் செய்து விட்டிருந்தார்கள். கூழாங்கல்லையும் காணோம். யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ சுத்தம் செய்கிறவர் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துச் செய்திருக்கலாம். யாராவது சொல்லியும் செய்திருக்கலாம். இரண்டு கொடிக்குப் போகும் இரண்டு வாய்க்கால் மட்டும் பளிச்சென்று இருந்தன.

உயரமான மனிதர் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். கை தட்டினார்கள். படம் எடுக்கிறவர் முட்டி போட்டுக் குனிந்தார். பலகை மேல் கையை வைத்தேன்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒருநாள், மூன்று ஊர்க்காரர்கள் கரையில் நின்று அவசரப்படுத்தினார்கள் என்பதற்காக, கிழக்கூர் ஆள் வருவதற்குள் மடையைத் திறந்துவிட்டேன். பெரிய மனிதர்கள் அதட்டினால் என் கை தானாக நகர்ந்துவிடும். அப்படி வளர்ந்த கை. அந்த வருஷம் தண்ணீர் போய்ச் சேராமல் கிழக்கூர் வயலெல்லாம் பதராய்ப் போனது. அவர்கள் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. அறுப்பு முடிந்ததும் எனக்குத் தர வேண்டிய கூலி நெல்லுக்குப் பதிலாக ஒரு மரக்கால் பதரைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"அண்ணே" என்றேன். "மூணு பங்காளியில ஒருத்தர் கரையில இல்ல. ஆள் குறைஞ்சா மடை திறக்காது. அந்த அம்மா கடைசி வரிசையில இருக்காங்க. இங்க வந்து நிக்கச் சொல்லுங்க. வாய்க்காலையும் வெட்டச் சொல்லுங்க. அப்புறம் திறக்குறேன்."

அண்ணன் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தி, "தம்பி, திறந்து விடும். இவை இனி என்னை வேலைக்குக் கூப்பிடாயினம்" என்றார்.

"நான் சொன்னதைச் சொல்லுங்கண்ணே."

அவர் மைக்கில் ஏதோ சொன்னார். நான் அவ்வளவு சொன்னதற்கு அவர் சொன்னது நாலு வார்த்தை. கூடத்தில் எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்க நியாயமில்லை. அவர் வேறு எதையோ சொல்லிவிட்டார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் தண்ணீர் எங்கே திருப்பி விடப்படுகிறது என்று பார்க்கத் தெரியும். நான் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை, தூக்கவும் இல்லை. அப்படியே நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து மார்த்தா அம்மாள் எழுந்து சத்தமாக ஏதோ கேட்டார். பிறகு தெரிந்துகொண்டேன்: "அவர் நிஜமாக என்ன சொன்னார்?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். குகநாதன் அண்ணன் மைக்கைக் கிட்டே இழுத்தார். டையைத் தளர்த்திக்கொண்டார். இந்தத் தடவை நீளமாகப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசைக்காரர்கள் மேசையைப் பார்த்தார்கள், மணலில் ஏதோ தொலைந்துவிட்ட மாதிரி.

உயரமான மனிதர் புன்னகை மாறாமல் கீழே இறங்கி வந்தார். என் தோளைத் தட்டினார். "மிகவும் ஆழமான கருத்து, நேரமாகிவிட்டது" என்று சொன்னதாக அண்ணன் பிறகு சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் என் கையை இரண்டு விரலால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, தானே பலகையை உருவினார். தண்ணீர் இரண்டு வாய்க்காலிலும் ஓடியது. கை தட்டினார்கள்.

முப்பது வருஷத்தில் என் கையை ஒதுக்கிவிட்டு யாரும் மடை திறந்ததில்லை. எங்கள் ஊரில் எனக்கு நாற்காலி தரமாட்டார்கள். ஆனால் மடையில் இருக்கும்போது என் கையைத் தொடமாட்டார்கள். இங்கே மெத்தை வைத்த நாற்காலி தந்தார்கள்.

மார்த்தா அம்மாள் என்னிடம் வந்தார். அண்ணன் தானாகவே நடுவில் வந்து நின்றார். "உங்கட ஊரில இப்பிடி வேற ஆக்கள் திறந்தால் அந்தத் தண்ணிக்கு என்ன பேர் எண்டு கேக்கிறா."

"களவுத் தண்ணி" என்றேன். அந்த அம்மாள் ஒரு காகிதத்தை நீட்டி, அதை இங்கிலீசில் எழுதித் தரும்படி அண்ணனிடம் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாலையில் வாசித்த அறிக்கையில் அவர் கேட்ட வரி வரவில்லை. 'இரு தரப்பும்' என்றுதான் வந்தது. அவர் கடைசி வரை இருந்து கேட்டுவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும்போது நானும் அண்ணனும் பேருந்தில் வந்தோம். நாலைந்து நிறுத்தம் கழித்து அவரே சொன்னார்.

"முதல் நான் என்ன சொன்னனான் தெரியுமோ? உங்களுக்குக் குளிரில கை விறைச்சிட்டுது, கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொன்னனான்."

"தெரியும்ணே. வேற எதையோ சொன்னீங்கன்னு தெரியும்."

"முப்பது வருசம் தம்பி. கோர்ட்டில ஒரு சொல்லுக் கூட்டினதும் இல்லை, குறைச்சதும் இல்லை. இண்டைக்குச் செய்துபோட்டன்."

"அப்புறம் சரியாச் சொல்லிட்டீங்களே."

"கேட்டதால சொன்னனான். கேக்காட்டி?"

என் கோபம் அவர் மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டில் ராணி அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டு, "கையைத் தட்டிவிட்டவனுக்கு அந்தச் சட்டித் தண்ணியை மூஞ்சையில ஊத்திப்போட்டு வந்திருக்கலாமே" என்றார். பிட்டு அவித்துத் தந்தார். அன்றைக்குக் கடலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, பொங்கல் முடிந்த கையோடு தபாலில் ஒரு புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். கூட்டத்தின் அறிக்கை. நடுப்பக்கத்தில் பெரிதாக என் படம்: தலையில் துண்டு, பலகை மேல் கை. கீழே இங்கிலீசில் ஒரு வரி. பரிமளாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுத் தயங்கினாள். "இந்தியாவின் பாரம்பரிய நீர்ப் பங்கீட்டாளர் இரு நாடுகளுக்காகவும் மகிழ்ச்சியோடு மடையைத் திறக்கிறார்" என்று போட்டிருக்கிறதாம்.

அந்த வாரமே குகநாதன் அண்ணன் போனில் கூப்பிட்டார். அவரை அந்தக் கூட்டத்துக்காரர்கள் பிறகு கூப்பிடவே இல்லையாம். மார்த்தா அம்மாள்தான் கூப்பிட்டிருக்கிறார். அறிக்கையை ஏற்க முடியாது என்று அவருடைய ஆற்றங்கரை மக்கள் மறுப்பு எழுதி அனுப்பப் போகிறார்கள். அன்று நடந்ததை நேரில் இருந்தவர் ஒருவர் சொந்தக் கையால் எழுதித் தந்தால் அதோடு சேர்ப்பார்களாம். கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தும் யாரும் எழுத முன்வரவில்லை. தமிழில் இருந்தாலும் போதும், தான் இங்கிலீசாக்கித் தருவதாக அண்ணன் சொன்னார். "ஒரு சொல்லும் மாத்தமாட்டன் தம்பி" என்றார்.

ஒரு பக்கம் போதும் என்றுதான் கேட்டார்கள். எழுத உட்கார்ந்த பிறகு ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. வேண்டிய இடத்தை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எடுக்க வேண்டிய இடம் இது:

அன்று அந்த மடையை நான் திறக்கவில்லை. மூன்றாவது பங்காளி அதே கூடத்தில் கடைசி வரிசையில் இருந்தார். அவரைக் கரைக்குக் கூப்பிடவில்லை. திறந்தது வேறு கை. படத்தில் என் கை பலகை மேல் இருப்பது திறப்பதற்கு அல்ல, அழுத்திப் பிடிப்பதற்கு.

கருப்பையா, மடைக்காரன்.
தை 16, வெள்ளிக்கிழமை.